மண்டபத்துச் சுவரில் ஐந்தாவது படம்

மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் முன்சுவரில் நான்கு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவியத்தில்தான். கோயில் கமிட்டிக்குத் தலைவராக இருந்து காலம் முடித்தவரைப் படம் வரைந்து மாட்டுவது அங்கே வழக்கம். நான்கு பேருக்கும் கறுப்புக் கோட்டு, நான்கு பேருக்கும் கைவைத்த நாற்காலி, நான்கு பேரும் தனித்தனிச் சட்டத்துக்குள். ஐந்தாவதாகத் தலைவராக இருந்தவர் என் அம்மாவின் தங்கை, சின்னம்மா பாக்கியம். அவருடைய படத்தில் மட்டும் கணவர் நாற்காலியில் உட்கார வேண்டும், சின்னம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று புதிய கமிட்டி முடிவு செய்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டுக் கொழும்பிலிருந்து நான் கிளம்பியதற்கு இதுதான் காரணம்.

சின்னம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் டிவிஷனில் கங்காணியான முதல் பெண் அவர். கொழுந்து எடுத்தவர், பிறகு கொழுந்து எடுப்பவர்களுக்கு மேல் நின்றவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டில் சின்னம்மா கூப்பிட்டால் அடுத்த மலை லயத்து வீட்டில் தூங்குகிறவனுக்கும் விழிப்பு வந்துவிடும். கமிட்டித் தலைவியான பிறகு செய்த முதல் வேலை, ஒழுகிக்கொண்டிருந்த மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டது. சுவரில் இருக்கும் அந்த நான்கு கனவான்கள் இன்றைக்கு நனையாமல் இருப்பதே சின்னம்மா புண்ணியத்தில்தான்.

கமிட்டியின் இப்போதைய தலைவர் செல்லமுத்துவிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. பெண்ணைத் தனியாக மாட்டினால் செத்துப்போனவர் படம் மாதிரி ஆகிவிடும், வருகிறவர்கள் கும்பிட்டுப் பூ வைத்துவிட்டுப் போவார்கள் என்றார். சுவரில் தனியாக இருக்கும் நான்கு பேரில் இரண்டு பேர் இன்னமும் கடைவாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்; அவர்களுக்கு யாரும் பூ வைக்கவில்லையே என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். சரி, ஜோடியாகவே இருக்கட்டும், ஏன் சின்னம்மா நிற்க வேண்டும் என்றால், ஜோடிப் படம் என்றாலே அப்படித்தானே என்று என்னையே திருப்பிக் கேட்டார். சின்னம்மாவோ, படந்தானே, விட்டுத் தொலை என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் விட மனமில்லை.

படத்தை வரையப்போகிறவர் டிக்கோயா சுகந்தி. முப்பது வயதைத் தாண்டியவர், பாடசாலையில் சித்திர ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் ஆள் படம் வரைகிறார், இரண்டு மாதம் முன்னால் சொல்லி வைத்தால்தான் கிடைப்பார். நான் வருகிறேன் என்றதும் ஒரு வேலை கொடுத்தார். நுவரெலியாவில் பழைய துரை பங்களா ஒன்று ஹோட்டலாக இருக்கிறது. அங்கே பெரிய பெரிய ஓவியங்கள் தொங்குகின்றன. நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கையை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் படம் எடுத்து வர வேண்டும். கைதான் அவருக்கு எப்போதும் தகராறு செய்கிறதாம்.

ஆக, முதல் நாள் நுவரெலியா. கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினால் நானுஓயாவில் இறங்கும்போது மதியம் தாண்டிவிடும். எனக்கு ஏழு மணி நேரம் பிடித்தது, அதில் கடைசி இரண்டு மணி நேரம் கதவருகே நின்றேன். இடம் கிடைக்காமல் இல்லை. வட்டவளைக்கு மேலே மலைக்காட்சி தொடங்கிவிட்டால் உட்கார்ந்து வர என்னால் முடியாது, அவ்வளவுதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 900 ரூபாய். ஓவியம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதை ஓட்டுநர் நம்பவில்லை. அந்த ஹோட்டலில் ஒரு டீ குடிக்கிற காசுக்கு ஒரு படமே வரைந்து வாங்கலாம் என்று வழி நெடுக எனக்காக வருத்தப்பட்டார்.

அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. டீயும் கேக்கும் 3,800 ரூபாய். ஆனால் மாடிப்படிச் சுவரை ஆற அமரப் பார்க்கலாம், யாரும் விரட்டுவதில்லை. முதல் படத்தில் துரை. கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை நாற்காலியின் கைப்பிடியில், இன்னொரு கை நாயின் தலையில். பார்வை நேராக நம் மேல், ஏன் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று கேட்பதுபோல. அடுத்த சட்டத்தில் துரைசாணி. வெள்ளைக் கவுன், நின்ற கோலம், கையில் ஒரு பூ. அந்த அம்மாளுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்க ஓவியருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. இரண்டுக்கும் கீழே பித்தளைத் தகடு. துரையின் தகட்டில் அவர் பெயர், அதற்குக் கீழே நாயின் பெயர்.

படியிறங்கிக் கழிவறைக்குப் போகும் வழியில் மூன்றாவது படம். அளவில் இதுதான் பெரியது. கொழுந்து எடுக்கும் ஒரு பெண். சிவப்புச் சேலை, தங்கக் கரை, மூக்குத்தி, பல் தெரியச் சிரிப்பு, விரல் நுனியில் பச்சைக் கொழுந்து. சேலை கிழியாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு இல்லை. அந்த உடுப்போடு தேயிலைச் செடிக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் சேலை நார் நாராகிவிடும். தகடு தேடினேன், இல்லை. வரவேற்பு மேசையில் இருந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழர், சொந்த ஊர் திம்புள்ள பக்கம். இந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"பேரெல்லாம் இல்லீங்க. அது அழகுக்கு வச்சிருக்கிறது" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்குறாங்க. மலையில நின்னு அவங்க இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று படத்தையும் பார்த்தால் சங்கதி விளங்கிவிடுகிறது. காசும் அதிகாரமும் உள்ள ஆணுக்கு நாற்காலி. அவர் வீட்டுப் பெண்ணுக்குப் பூ. காசில்லாத பெண்ணுக்குச் சிரிப்பு. காசில்லாத ஆண் அந்த வீட்டுச் சுவரில் எங்குமே இல்லை. துரையின் கையைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, மிச்சக் கேக்கையும் பொதிந்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த விலைக்கு அதை விட்டுவிட்டு வர நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை 7.15க்கு ஹட்டன் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளால் இரண்டு மணி நேரம். தலவாக்கலை வரும்வரை தூங்காதீர்கள். அருவியும் தேயிலையும் மாறி மாறி வரும், மேகம் இறங்கினால் இரண்டும் காணாமல் போகும். வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். ஹட்டனில் இறங்கி ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரத்தில் டிக்கோயா. சுகந்தியின் வீடு பிரதான வீதியிலிருந்து ஐந்து நிமிட ஏற்றம்.

முன்னறைதான் அவர் வேலை செய்யும் இடம். நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஓவியங்கள் அல்ல, கொடியில் தொங்கிய உடுப்புகள். ஒரு கறுப்புக் கோட்டு, இரண்டு டை, ஓடாத கைக்கடிகாரம், ஒரு பட்டுச் சேலை, தங்க முலாம் பூசிய நெக்லஸ் செட் ஒன்று. படம் வரைய வருகிறவர்கள் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இறந்துபோன அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, கோட்டுப் போட்ட மாதிரி வரைந்து கொடுங்கள் என்பவர்களும் உண்டு. அம்மா என்றால் காதுக்கும் கழுத்துக்கும் நகை. ஹட்டனைச் சுற்றி எத்தனையோ வீட்டுச் சுவரில் எத்தனையோ ஆண்கள் போட்டிருப்பது இந்த ஒரே கோட்டைத்தான் என்று சுகந்தி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகந்தி சிரிக்கவில்லை. நான் எடுத்து வந்திருந்த துரையின் படத்தைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரையோட நாய் மட்டும் அவரோட சொந்த நாய்னு யாருக்கு அக்கா தெரியும்?" என்றார்.

அதோடு என் சிரிப்பு நின்றது. நேற்று பித்தளைத் தகட்டைப் பார்த்துக் கொதித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. எல்லோரும் தங்களுக்குப் பிடித்த ஒரு வேஷத்தில்தான் சட்டத்துக்குள் போகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த வேஷம் உயிரோடு இருக்கும்போது கிடைப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

பத்தரை மணிக்குச் சின்னம்மாவும் சித்தப்பாவும் மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா ராமையா சின்னம்மாவுக்குக் கீழே இருந்த வேலைக் கும்பலிலேயே வேலை செய்தவர். எடை போட்ட கொழுந்தை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்துபோய் லொறியில் ஏற்றுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். சின்னம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் பட்டில் வந்திருந்தார்.

கமிட்டி சொன்னபடியே தொடங்கினோம். சித்தப்பாவுக்குக் கோட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார் சுகந்தி. சின்னம்மா அவருக்கு வலப்பக்கம் நின்றார். துரையின் கையை என் தொலைபேசியில் காட்டி, இதே மாதிரி வையுங்கள் என்றோம். மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டொக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்போல வாசலையே பார்த்தார். நேராக உட்காருங்கள் என்று சின்னம்மா அதட்டினார். நேராக உட்கார்ந்தார், அடுத்த நிமிடம் பழையபடி ஆனார். சுகந்தியின் கணவர் டீ கொண்டுவந்தபோது மரியாதைக்கு எழுந்தே நின்றுவிட்டார். சுகந்தி மூன்று தாள் வீணாக்கினார். கையும் வரவில்லை, முகமும் வரவில்லை.

நான்காவது தாளை எடுக்கும்போது சித்தப்பா எழுந்தார். டீ யாரும் கொண்டுவரவில்லை, அவராகவே எழுந்தார்.

"இல்லம்மா, இது எனக்குச் சரிப்பட்டு வராது" என்று சுகந்தியிடம் சொன்னார். "அத்தன வருசமும் பெரட்டுல பேரு கூப்புட்டது அவ. நான் கூட்டத்துல நின்னுக்கிட்டுத்தான் 'இருக்கேங்க'ன்னு சொன்னேன். இப்ப ஊருச் செவத்துல மாட்டுறதுக்கு மட்டும் நான் உக்காந்து, அவ நிக்கிறதா? பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

தலைவர் ஏதாவது சொல்வார் என்று சின்னம்மா மெதுவாக இழுத்தார். தலைவரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சித்தப்பா சொன்னார். பிறகு கோட்டைக் கழற்றினார். கொடியில் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சின்னம்மாவின் தோளில் போட்டார்.

"குளிரு காலத்துல என் கோட்டப் போட்டுக்கிட்டுத்தானே மலைக்கு வந்த. இதுல என்ன வெக்கம். போட்டு உக்காரு."

சின்னம்மா பட்டுச் சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலியின் முதுகுவரை சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று, இன்னொரு கை மடியில் விரிந்து கிடந்தது. கொழுந்துப் பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். சுகந்தி என் தொலைபேசியை ஒருமுறை பார்த்தார், மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். சித்தப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் போய், அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார், ஒருமுறைகூட அசையவில்லை. நிற்பது அவருக்குப் பழகிய காரியம். என் குடும்பத்தை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்ட இன்னொரு நாள் எனக்கு இல்லை. அதை மறைக்க அடிக்கடி ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அடுத்து வந்த நாட்கள் தோட்டத்தில். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா இருபது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம், 120 ரூபாய். நகரத்தை ஒட்டியே நீர்த்தேக்கம்; தண்ணீர் வற்றும் காலத்தில் அதில் மூழ்கிப்போன பழைய கோயிலின் கல் மேலே தெரியும். அங்கிருந்து எங்கள் தோட்டம் ஆட்டோவில் அரை மணி நேர ஏற்றம். ஓவியத்துக்கு அக்ரிலிக் வர்ணம் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சுகந்தி சொல்லியிருந்தார். அதுவரை சின்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கமிட்டி படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். படந்தானே என்று சொன்ன அதே சின்னம்மா.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படுக்கை விரிப்பில் சுற்றிய படத்தோடு சுகந்தி ஆட்டோவில் வந்து இறங்கினார். மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள், பாதிக்கு மேல் சின்னம்மாவோடு கொழுந்து எடுத்த பெண்கள். விரிப்பை எடுத்ததும் செல்லமுத்து வெகுநேரம் பார்த்தார். ஆளை மாற்றி வரைந்துவிட்டீர்களா என்று சுகந்தியிடம் கேட்டார். சுகந்தி பதில் சொல்வதற்குள் சித்தப்பா முன்னால் வந்தார்.

"நான்தாங்க நின்னேன். என்னைய யாரும் நிக்கச் சொல்லல" என்றார்.

கணவனே சொன்ன பிறகு கமிட்டிக்கு என்ன பேச்சு? ஆனால் இன்னொரு விஷயம் இருந்தது. இந்தப் படத்துக்கான ஆணியைக் கமிட்டி ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. முன்சுவரில் இல்லை, சமையல் கொட்டகைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில். ஒருவர் படத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். அப்போதுதான் சின்னம்மா வாய் திறந்தார். பெரட்டுக் குரல்.

"அந்த ஆணியில பைய மாட்டிக்கலாம். படத்த இங்க மாட்டுங்க. இல்லாட்டி வீட்டுக்குக் கொண்டு போறேன், கூரைய மட்டும் வச்சுக்கங்க."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. அது செல்லமுத்துவைக் கேலி செய்யும் சிரிப்பு இல்லை. அந்தக் குரலைக் கேட்டு நாளாயிற்று என்ற சிரிப்பு. அவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு சுத்தியல் கொண்டுவரச் சொன்னார். நான்காவது படத்திலிருந்து சாண் வைத்து அளந்து, மற்றப் படங்களின் மட்டத்தை இரண்டு முறை சரிபார்த்து, ஆணியைத் தானே அடித்தார். ஒரு விரல்கூடக் கீழே இறங்கவில்லை. அதற்காக அவரை நான் மெச்சுகிறேன்.

நீங்களும் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் சில வார்த்தைகள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களால் சனி, ஞாயிறு பஸ்களில் கூட்டம் அதிகம்; ஆகவே வார நாளில் போங்கள். பகலில் வெயில் அடித்தாலும் மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். நுவரெலியா ஹோட்டலில் தங்காமல் டீ மட்டும் குடிக்கலாம், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டால், முதலில் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கருவியை உள்ளே வையுங்கள். வேலை நேரத்தில் அவர்களைச் சிரிக்கச் சொல்லாதீர்கள். ஓவியங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு எந்தச் சுவரையும் சும்மா தாண்டிப்போக முடியாது. எனக்கு இப்போது அந்த வியாதி பிடித்திருக்கிறது.

எங்கள் மண்டபத்தையும் பார்க்கலாம். தோட்டத்து ஒபிசில் சொல்லிவிட்டு மேலே வாருங்கள், கோயில் வாசலில் யாரைக் கேட்டாலும் சாவி வைத்திருக்கும் ராமையாவைக் கூப்பிட்டு விடுவார்கள். பேச்சுக் குறைந்த மனிதர், முதல் நான்கு படத்தையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். ஐந்தாவது படத்துக்கு முன்னால் வந்ததும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார், தொண்டையைச் செருமுவார். நான் கிளம்பிய அன்று கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் படம் காட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் நின்று கேட்டேன்.

"உக்காந்திருக்கிறது எங்க கங்காணி, பாக்கியம்" என்றார். "பக்கத்துல நிக்கிறது அவங்க வீட்டுக்காரரு."